புகையிரத உணவுப் பட்டியலும் அது கூறாதனவும்

வழிச்செல்வோர் உண்ட உணவினைப் பாடற்பொருளாகக் கொண்டமை பழந்தமிழ்ப் புலவரின் சிறப்புகளுள் ஒன்று. பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர் இதனை நன்கறிவர். தொண்டைமான் இளந்திரையன்பாற் செல்லும் பாணனுக்கு வழி கூறப் புகுந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், எயினர் குடியிற் கிடைக்கும் புல்லரிசிச் சோற்றையும் உப்புக்கண்டத்தையும், கோவலர் தரும் தினைச்சோற்றையும் பாலையும், உழவர் மனையிற் பெறும் வெண்ணெற் சோற்றையும் கோழிப் பொரியலையும், அந்தணர் இல்லத்து மாதுளங்காய்க் கறியையும் மாவடுவையும் நிரலே எடுத்தோதுகின்றார். அப்பாட்டின்கண் உணவு ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. எந்நிலத்து விளைந்தது, யார் சமைத்தார், யார் கையாற் பெறுவது என்னும் மூன்றும் அதனோடு ஒட்டியே வரும். உணவு கூறப்படும் இடமெல்லாம் ஒரு குடியின் வாழ்க்கையும் உடன் கூறப்படுகின்றது.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, மேல்நாட்டார் மிக்க ஆர்வத்தோடு திரட்டிவரும் புகையிரத உணவுப் பட்டியல்களை நோக்குவது பயனுடைத்து. முத்திரை திரட்டுவோரையும் நாணயம் திரட்டுவோரையும் நம் நாட்டார் அறிவர். ஓடும் வண்டியில் உணவருந்துவோர் முன் வைக்கப்பட்ட அட்டையைத் திரட்டுவோரும் உளர் என்பது பலருக்குப் புதுச்செய்தியாகலாம். வயிற்றுக்குள் மறைந்த உணவின் பெயரைத் தாளில் வைத்துப் போற்றுவது வீண்வேலை எனச் சிலர் நகைப்பர். அந்நகைப்பு அவசரமானது. ஏட்டுச்சுவடிகளை அடுப்புக்கும் ஆற்றுப்பெருக்குக்கும் கொடுத்துவிட்டுப் பின் இரங்கிய சமுதாயம், பிறர் தாளைப் பேணுவதைக் கண்டு நகைத்தல் தகாது.

இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் நியூயோர்க் நகரில் வாழ்ந்த பிராங் பட்டால்ஃப் என்னும் அம்மையார். பெயர் ஆடவர் பெயராயினும் அவர் பெண்மணியே. 1900ஆம் ஆண்டளவில் அந்நகரப் பொதுநூலகத்துக்காக உணவுப் பட்டியல்களைத் திரட்டத் தொடங்கியவர், 1924இல் இறப்பதற்குமுன் ஏறத்தாழ 25,000 பட்டியல்களைச் சேர்த்தளித்தார். உணவுவிடுதி, கப்பல், புகைவண்டி, விருந்து மண்டபம் ஆகிய எவ்விடத்துத் தாளும் அவருக்கு உவப்பானதே. சுவைநாட்டம் அவரை உந்தவில்லை; தம் காலத்து வாழ்க்கையின் சான்று அழியலாகாது என்னும் எண்ணமே உந்தியது. அத்திரட்டு இன்று கணினி வழியாக எவரும் காணத்தக்கதாய் உள்ளது. 2011இல் அந்நூலகம் பொதுமக்களை அழைத்துப் பட்டியல்களிலுள்ள உணவுப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியெடுக்கச் செய்தது. மானிடவியல் அறிஞராகிய ஜோர்ஜ் ஃபொஸ்டர் என்பாரும் தம் பயணங்களிற் சேர்த்த கப்பல், புகைவண்டி, வானூர்திப் பட்டியல்களை நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்துப் போக்குவரத்து நூலகத்துக்கு வழங்கினார். மனிதர் வழக்கங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தாம் உண்ட மேசையின் தாளையும் எறியாது வைத்திருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

உணவுவண்டியின் வரலாறு சுருங்கக் கூறின் இதுவாகும். ஜோர்ஜ் புல்மன் 1868இல் அமெரிக்காவில் முதல் உணவுவண்டியை ஓடச் செய்து, நியூயோர்க்கின் புகழ்பெற்ற உணவுச்சாலையொன்றின் பெயராகிய ‘டெல்மோனிக்கோ’ என்பதனை அதற்கு இட்டார். இங்கிலாந்தில் 1879இல் இலண்டனுக்கும் லீட்ஸ் நகருக்கும் இடையே அத்தகைய வண்டி ஓடியது. 1883இல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உணவுவண்டியே ஒவ்வொரு புகையிரதக் கம்பெனியின் பெருமைக்கும் கொடியாய் நின்றது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இவ்வண்டிகள் பெரும்பாலும் நட்டமே தந்தன. நட்டத்தை அறிந்தே நடத்தினர். நல்லுணவு பெற்ற பயணி மறுமுறையும் தம் வண்டியையே நாடுவான். அவனோடு சரக்கும் வரும் என்பது கணக்கு. ஆகவே அப்பட்டியல் உணவை விற்கும் தாளாக மட்டும் இருக்கவில்லை. கம்பெனியையும், கம்பெனி கடந்து செல்லும் நாட்டையும் விற்கும் தாளாகவும் இருந்தது.

இதனாலேயே அதன் முகப்பு அத்துணை அழகாயிற்று. மலை, அருவி, பாலைநிலம், கோதுமை வயல் யாவும் வண்ணத்தில் அச்சாயின. உள்ளே அன்றன்று கிடைக்கும் உணவின் பெயர் தனித்தாளில் அடிக்கப்பட்டுச் செருகப்பட்டது. பல பட்டியல்களின் அடியிலே, கண்ணுக்கு எட்டாச் சிற்றெழுத்தில், அச்சகத்தார் குறியோடு மாதமும் ஆண்டும் உள. திரட்டுவோர் முதலில் தேடுவது அவ்விடத்தையே. கறை படாதது, மடிப்பு விழாதது, பெயர்பெற்ற வண்டிக்குரியது, பெயர்பெற்ற ஓவியர் வரைந்தது என்பனவே விலையை உயர்த்துவன. குழம்புக்கறை பட்ட தாள் சந்தையில் இழிந்தது. வரலாற்றுநோக்கிற் பார்ப்பின் இத்தீர்ப்புத் தலைகீழானது. கறையுள்ள தாளே மெய்யாக ஒருவன் உண்ட மேசையில் இருந்தது. கறையற்றது பெட்டியை விட்டு வெளிவராத தாளாகவும் இருக்கலாம்.

பட்டியல் நன்றாகப் பேசிய இடமும் உண்டு. 1909இல் நோதேர்ண் பசிபிக் கம்பெனியின் உணவுவண்டிப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஹேசன் டைட்டஸ் என்பார், வாஷிங்டன் மாநிலத்து யக்கிமாப் பள்ளத்தாக்கின் உழவர் அளவிற் பெருத்த உருளைக்கிழங்குகளை விற்க வழியின்றி வருந்துவதைக் கேட்டறிந்தார். ஒரு கிழங்கு இரண்டு இறாத்தலும் அதற்கு மேலும் நின்றது. வேகாது என்று ஒதுக்கப்பட்ட அதனை மெதுவாகச் சுட்டால் இனிமை பெறும் எனக் கண்டு, அதனையே தம் வண்டியின் அடையாளமாக்கினார். ‘பெரிய சுட்ட உருளைக்கிழங்கு’ அக்கம்பெனியின் விளம்பரமெங்கும் இடம்பெற்றது. இங்கே நிலம் தெரிகின்றது, உழவன் தெரிகின்றான், அவனுடைய இடரும் தெரிகின்றது. உருத்திரங்கண்ணனார் கண்டிருப்பின் இவ்வொரு பட்டியலை மதித்திருப்பார் எனலாம்.

இத்தகையன சிலவே. கிரேட் நோதேர்ண் கம்பெனியின் பட்டியல்களைத் திரட்டுவோர் பொன்போற் போற்றுவர். வினோல்ட் ரைஸ் என்னும் ஓவியர் வரைந்த பிளாக்பீட் குடியினரின் உருவங்கள் அவற்றின் முகப்பை அணிசெய்தன. ஓவியத்திறம் மறுக்கவியலாதது, முகங்களில் உயிருண்டு, ஓவியர் அம்மக்களை மதித்தே வரைந்தார் என்பதும் புலனாகும். ஆயினும் அம்மக்களின் முன்னோர் வேட்டையாடி உண்ட நிலத்தை ஊடறுத்தே அவ்வண்டி ஓடியது. முகப்பில் அவர்களின் முகம் இருந்தது. உள்ளே அவர்களின் உணவு இல்லை. திரட்டுநூல்கள் பல இவ்வோவியங்களின் அச்சுநேர்த்தியை விரித்துப் பேசி, இம்முரணை ஒருவரியிலும் தொடாது செல்கின்றன. ஒரு கலைப்பொருளின் அழகைச் சொல்வதோடு நின்றுவிடும் திறனாய்வு பாதித்திறனாய்வே.

பட்டியல் மறைத்தவற்றுள் இதனினும் கொடியது ஒன்றுண்டு. அமெரிக்க உணவுவண்டிகளிற் சமைத்தோரும் பரிமாறினோரும் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஒடுங்கிய அடுக்களையில், அனல்மிக்க அடுப்பருகே, வண்டி ஆடும் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து அவர்கள் ஆக்கிய உணவின் புகழ் முழுதும் கம்பெனிக்கே சென்றது. அவ்வினத்தாரே பயணியாக வந்தபோது நிகழ்ந்தது யாது? 1942ஆம் ஆண்டு மே மாதம் எல்மர் ஹென்டர்சன் என்பார் அரசாங்க அலுவலின்பொருட்டு வாஷிங்டனிலிருந்து தெற்கே சென்றார். அவ்வண்டியில் அடுக்களையை அடுத்த இரண்டு மேசைகள் திரையிட்டு அவர் இனத்தவர்க்கென விடப்படுவது வழக்கம். அவர் சென்றபோது அவ்விடத்திலும் வெள்ளையர் அமர்ந்திருந்தனர். அழைக்கிறோம் என்றனர், அழைக்கவில்லை. இரவுணவு பெறாமலே பயணம் செய்த அவர் வழக்குத் தொடுத்தார். எட்டாண்டுகள் கழிந்து, 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம், அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அத்தகைய திரையும் ஒதுக்கீடும் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தது. 1942ஆம் ஆண்டின் பட்டியல் ஒன்றை எடுத்து எத்துணை முறை புரட்டினும் அத்திரை அதிற் காணப்படாது.

இன்னுமொரு செய்தி சிந்தனைக்குரியது. அவ்வண்டிகளிற் பரிமாறுவோன் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ள அனுமதிக்கப்படுவதில்லை. உண்போரே தமக்கு வேண்டியதைத் தாளில் எழுதித்தரவேண்டும். ஆகவே பட்டியல் என்பது எழுத்தறிந்தோர்க்கான உலகம். படிக்கத்தெரிந்தவன் எழுதிக்கேட்டு உண்பது. எழுதாதார் உண்ட உணவு எத்திரட்டிலும் ஏறவில்லை.

இந்தியாவிலும் இந்நிலையே. தென்னாட்டுப் புகையிரதங்களின் உணவுச்சாலைகளையும் உணவுவண்டிகளையும் நெடுங்காலம் நடத்தியோர் ஸ்பென்சர் கம்பெனியார். வடநாட்டில் கெல்னர் கம்பெனியார். துரைமாருக்கு வறுத்த கோழியும் கஸ்டர்டும் எழுதப்பட்ட பட்டியல்கள் இருந்தன. நிலையமேடையில் ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ எனக் குரல்கள் ஒலித்தன. தென்னிந்திய நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் பலகை தொங்கவிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன. பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அவர் இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1941இல் அப்பலகைகள் அகற்றப்பட்டன. மூன்றாம் வகுப்புப் பயணியின் உணவும் நீரும் இருந்த இழிநிலையைக் காந்தியடிகள் 1917இல் எழுதிய கட்டுரை தெளிவாக உரைக்கின்றது. திரட்டுவோர் அலமாரியில் ஸ்பென்சரின் பட்டியலுக்கு இடமுண்டு. அந்தப் பலகைக்கு இடமுண்டா என்று கேட்பின் விடை எளிதிற் கிடையாது. பலகையையும் பட்டியலையும் அருகருகே வைத்தாலன்றி இரண்டும் பொருள்படா. சைவம், அசைவம் என்று நாவுக்கு எளிதாய் வழங்கும் சொற்கள் உணவின் வகையைச் சொல்வனபோலத் தோன்றி உண்பவரின் சாதியைச் சொன்ன காலமும் இருந்தது.

இனி அப்புத்தளையை நோக்குவோம். கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை 1864இல் முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. கோப்பிக்காக எழுந்த அப்பாதை, கோப்பி நோயால் மடிந்தபின் தேயிலையைப் பின்பற்றி மேலேறியது. 1885இல் நானுஓயா, பின்னர் 6,000 அடிக்கு மேல் நிற்கும் பட்டிப்பொலையைக் கடந்து, மலையைக் குடைந்து, 1893இல் அப்புத்தளை, அடுத்த ஆண்டு பண்டாரவளை. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்று, 1924 ஆயிற்று. பாதை வருவதற்குச் சற்றுமுன், 1890இல், தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்னை முதலான தோட்டங்களை வாங்கியிருந்தார். இறங்குவண்டியில் தேயிலைப் பெட்டிகள் சென்றன. ஏறுவண்டியில் தொழிலாளருக்கான அரிசி மூட்டைகள் வந்தன. அப்பாதையின் மெய்யான உணவுப் பட்டியல் அவ்வரிசி மூட்டைதான் என்று கூறின் அது மிகையாகாது. தோட்டம் அளந்து கொடுத்த அரிசியின் விலை செக்றோலில் ஏறிச் சம்பளத்திற் கழிந்தது.

அதே பாதையில் உணவுவண்டிகளும் ஓடின. முதல் வகுப்பார்க்கு வண்டியின் கடைசியில் கண்ணாடிச் சாளரம் அமைந்த காட்சிப்பெட்டி இருந்தது. பனி விலகும் கணத்தில் தெற்கே தாழ்நிலம் விரிவதைக் கண்டு மகிழலாம். 1950களில் ராம்பாலா அவர்கள் புகையிரதப் பகுதியின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில் ‘உடரட்ட மெனிக்கே’ முதலிய பெயர்கள் வண்டிகளுக்கு வந்தன. ஆனால் மலைநாட்டு மக்கள் அவற்றை அப்பெயர்களாற் பெரிதும் அழைத்தாரல்லர். அவர்களுக்கு எல்லாம் ‘கோச்சி’ தான். மூன்றாம் வகுப்பில் ஏறியோரின் உணவு வீட்டிலிருந்தே வந்தது: வாழையிலையிலோ பழைய தாளிலோ பொதிந்த ரொட்டி, தேங்காய்ச் சம்பல், போத்தலில் நிறைத்த சாயம் மிகுந்த தேநீர். வழியில் வடைக்கூடையோடு ஏறியவன் குரல் கொடுத்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பர். வடைக்காரனுக்குப் பட்டியல் இல்லை. அவன் குரலே பட்டியல்.

உலகத் திரட்டுகளில் அப்புத்தளைக்கு இடமே இல்லையோ எனின், ஓரிடம் உண்டு, அதுவும் வியப்புக்குரியது. அமெரிக்கப் பட்டியல்களின் கடைசிப் பகுதியில் குடிபானங்கள் வரும். அவற்றுள் தேநீர் வகைகளைப் பிரித்துக் காட்டுமிடத்துச் ‘சிலோன்’ என ஒரு சொல் நிற்கக் காணலாம். பட்டால்ஃப் அம்மையார் காலத்துத் தாள்களிலும் அச்சொல் உண்டு. திரட்டுவோர் அதனைக் கடந்து செல்வர்; ஓவியமும் இல்லை, சிறப்பும் இல்லை. மலைச்சரிவிற் கொழுந்து பறித்த பெண்ணின் காலைப்பொழுது முழுதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. யக்கிமா உழவனின் கிழங்கு தன் நிலத்தின் பெயரோடு மேசைக்கு வந்தது. அப்புத்தளைக் கொழுந்து ஒரு நாட்டின் பெயரோடு, அதுவும் பறித்தவர்க்கு உரிமையாகாதிருந்த நாட்டின் பெயரோடு வந்தது.

அவ்வுரிமையின் வரலாறும் புகைவண்டியோடு பிணைந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கழுத்தில் தகரச்சீட்டு ஒன்று தொங்கியது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவும் வழியுணவும் அந்த எண்ணின்பேரில் தோட்டக் கணக்கில் எழுதப்பட்டன. ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்வதும் அத்தாளின் வழியே நடந்தது. உணவுவண்டிப் பயணி பட்டியலைப் படித்து உண்டான். இவர்களோ தம்மையே பட்டியலாகக் கழுத்தில் அணிந்து வந்தனர். திரட்டுவதற்குரிய பொருள் எது என்னும் வினாவுக்கு இத்தகரம் ஒரு விடை. அதற்கு ஓவியர் இல்லை, வண்ணமில்லை, ஆயினும் எவ்வுணவு, யார் கணக்கில், எவ்விடம் நோக்கி என்பன அனைத்தையும் அது சொல்லும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அதன்பின் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என மக்கள் அழைத்தனர். பெயரே வரலாறு. வண்டிக்குள் இருப்போரும் மேடையில் நிற்போரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையின் நடுவே, சாளரத்தின் வழியே உணவுப் பொட்டலங்கள் கைமாறின. அண்டை லயத்தார் சமைத்துக் கொடுத்த கடைசி உணவு அது. மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் உழைப்பால் அம்மக்களின் குரலில் ஒருபகுதி தப்பியது. அவர்களின் வழிச்சோற்றைத் தொகுக்க ஒருவரும் முற்படவில்லை.

மேல்நாட்டுத் திரட்டாளரைக் குறைகூறுவது இவ்வாய்வின் நோக்கமன்று. அவர்கள் தம்மிடம் இருந்ததைப் பேணினர்; பேணியதனாலேயே இன்று அதன் குறையையும் காட்ட முடிகின்றது. பட்டால்ஃப் அம்மையார் காத்த தாள் இல்லையேல் ‘சிலோன்’ என்னும் அச்சொல்லும் கிட்டியிராது. குறை வேறிடத்து உள்ளது. கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையில் நீராவி இயந்திரங்களும் பழைய கருவிகளும் காட்சிக்கு உள. இயந்திரம் பேணப்படும் நாட்டில் அவ்வியந்திரம் இழுத்துச் சென்றோரின் சோற்றுப்பொதி எங்ஙனம் பேணப்படும்? பொதி அழிந்துவிட்டது, நினைவே எஞ்சியுள்ளது. அந்நினைவை எழுத்தில் ஏற்றுவதற்குக் கண்ணாடிப் பேழை வேண்டா. கொப்பியும் பொறுமையும் போதும். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் உயர்வகுப்பு மாணவர் விடுமுறையில் தம் பாட்டிமாரிடம் கேட்கத்தக்க வினாக்கள் இவை: கோச்சிக்குப் போகுமுன் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன கட்டினீர்கள், எதிற் கட்டினீர்கள், எவ்விடத்தில் அவிழ்த்தீர்கள், யாருக்குப் பங்கிட்டீர்கள்?

அன்று தலைமன்னாரிற் கப்பலேறியோருட் பலர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், தமிழக அரசு அவர்களுக்கென அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். 1970இல் பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று அறுபதைக் கடந்துவிட்டது. ஒப்பாரிக் கோச்சியில் மடியில் வைத்திருந்த பொட்டலத்தில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம்.